அத்தையின் ஆறு முதல் ஏழு வரை

எங்கள் அத்தைக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும் என்று வீட்டில் கேலி செய்வோம். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது அவர் வேலை. அப்பாவுக்கு அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருக்கிறார். ஆஸ்பத்திரியில் மணி அடித்தால் ஓடுவார். வீட்டில் மணி கிடையாது, அதற்குப் பதிலாக நாங்கள் இருந்தோம். சாவியைக் காணோம், குக்கரை இறக்கணும், பல்பு எரியவில்லை, எதுவானாலும் கூப்பாடு அவருக்குத்தான். அம்மா "அண்ணி" என்பார், அப்பா "அக்கா" என்பார், நாங்கள் "அத்தை" என்போம். மூன்று பக்கமும் ஓடுவார்.

நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, எந்த வேலைக்குப் போவது என்று பிடிபடாமல் வீட்டில் இருந்தேன். ஹாலில் உள்ள கம்ப்யூட்டரில் ஒரு போர் விளையாட்டு ஆடுவேன். கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடம். நம் வீரர்களை நாம் நகர்த்தி, முறை முடிந்தது என்று பொத்தானை அழுத்திய பிறகுதான் எதிரி நகர்வான். ஒருநாள் மாலை, டியூட்டி முடிந்து வந்த அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏண்டி, அவன் வாளை ஓங்கிட்டு நிக்கிறான், நீ கன்னத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருக்க?"

"இது என் முறை அத்தை. நான் முடிக்கிற வரைக்கும் அவன் வரமாட்டான்."

"போய்க் குளிச்சிட்டு வந்தா?"

"அப்பவும் அப்படியேதான் நிப்பான்."

"அடுத்த வாரம் வந்தா?"

"அப்பவும்தான்."

அத்தை ஒரு நாற்காலியை இழுத்தார். "தள்ளி உக்காரு. நான் பாக்குறேன்."

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அறிவிப்பு வந்தது. "தினமும் சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நான் ஆடப்போறேன், யாரும் என்னைக் கூப்பிடாதீங்க. வீடு தீப்பிடிச்சா மட்டும் சொல்லுங்க, அதுவும் மெதுவா." எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

ஆட்டத்தில் எதைச் சொன்னாலும் முதலில் சண்டை போட்டுவிட்டுத்தான் கற்றுக்கொள்வார். குதிரைவீரன் நான்கு கட்டம் போவான், ஈட்டிக்காரன் இரண்டு கட்டம்தான் என்றால், "அவனும் ஒருநாள் அவசரத்துக்கு ஓடமாட்டானா?" என்று கேட்பார். மேட்டில் நிற்பவனுக்கு அடி குறைவாகப் படும் என்றால், "அப்ப எல்லாரையும் மேட்டுல ஏத்து" என்பார். ஏற்றியும் விட்டார். எதிரி கீழே எங்கள் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனான்.

ஆனால் அவர் தோற்றதெல்லாம் வேறு ஒரு காரணத்தால். யாருக்காவது காயம் பட்டால் போதும், உடனே இரண்டு வீரர்களைப் பின்னால் அனுப்புவார். ஒருவன் காயம்பட்டவனுக்கு முன்னால், ஒருவன் பின்னால். மூவரும் வரிசையாகக் கட்டம் கட்டமாக ஊருக்குத் திரும்புவார்கள். அதற்குள் போர்முனை காலியாகிவிடும். ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குச் சில நாள் விளங்கவில்லை. பிறகு கேட்டேன்.

"தலைப்பக்கம் ஒரு ஆள், கால்பக்கம் ஒரு ஆள் வேணாமா? தனியா எப்படித் தூக்குறது?"

"யாரும் தூக்க வேணாம் அத்தை. அவனே நடந்து போயிடுவான். எப்பவும் போற அளவு தூரம் போவான்."

அத்தை திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உசிரு கால்வாசிதான் இருக்கு, அவன் முழு தூரம் நடப்பானா? இதை எழுதினவனை ஒருநாள் எங்க எமர்ஜென்சிக்கு வரச் சொல்லு."

அதற்குப் பிறகு இரண்டு பேரை அனுப்புவதை நிறுத்தினார். ஆனால் காயம்பட்டவனைக் கைவிடுவதை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை.

தொல்லை அண்ணனிடமிருந்து வந்தது. செல்போன் கடையில் வேலை. எதையும் செய்யாமல் எல்லோருக்கும் வேலை சொல்வதால் வீட்டில் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். கடையிலிருந்து வந்ததும் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், அதைத் தன் அறைக்கே கொண்டுபோக வேண்டும்.

"அவங்க ஆடுறதே வீண்பா. தினமும் தோக்குறாங்க. தோக்குறதுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?"

அப்பா சண்டை வந்தால் சமாதானத்துக்கு எதையாவது சொல்லிவிடுவார். "ஞாயித்துக்கிழமை அக்கா ஆட்டத்தோட முதல் லெவல ஜெயிக்கட்டும். ஜெயிச்சா கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா நீ எடுத்துக்கோ."

"சரி, சரி. ஜெயிச்சுக் காட்டுறேன்" என்றார் அத்தை. ரோஷத்தில் வந்த வார்த்தை. அந்த வாரம் முழுக்க நானும் அவரும் பயிற்சி செய்தோம். ஆற்றுப் பாலத்தைக் கடந்து, குறித்த முறைகளுக்குள் அக்கரைக் கோட்டையைப் பிடித்தால் வெற்றி.

ஞாயிறு ஆறு மணிக்கு வீடே ஹாலில் கூடியது. அத்தை அவசரமே படவில்லை. ஈட்டிக்காரர்களைப் பாலத்தின் வாயில் நிறுத்தினார், வில்லாளிகளை மேட்டில் ஏற்றினார். எதிரியைத் தன்னிடம் வரவைத்து அடித்தார். அண்ணன் நகம் கடிக்க ஆரம்பித்தான். கடைசி இரண்டு முறைகள் இருந்தன. கோட்டை வாசல் திறந்திருந்தது, குதிரைவீரன் பக்கத்தில் இருந்தான். ஆனால் அடிபட்ட ஒரு வில்லாளி பாலத்தின் நடுவே எதிரிகளிடம் சிக்கியிருந்தான். குதிரைவீரனைத் திருப்பினால் அவனுக்கு வழி திறக்கலாம்.

"விடுங்க அத்தை அவனை" என்று அண்ணனே சொல்லிவிட்டான். "அவன் செத்தா என்ன, கோட்டை வந்துரும்ல."

"நீ வாயை மூடு."

குதிரைவீரனைத் திருப்பினார். வில்லாளி தப்பித்து ஊருக்கு வந்து சேர்ந்தான். முறைகள் முடிந்தன. திரையில் 'தோல்வி' என்று வந்தது.

அண்ணன் கைதட்டிவிட்டு, குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது.

"மாட்டுடா" என்றார் அத்தை.

"பந்தயம் பந்தயம்தான் அத்தை. நீங்கதானே சரின்னீங்க?"

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. உன் தூக்கத்தை யாராவது பந்தயம் வெச்சிருக்காங்களா? உங்கப்பா நியூஸ் பாக்குறாரே, ஜெயிச்சாத்தான் பாக்கணும்னு யாராவது சொன்னமா? என் ஒரு மணி நேரம் மட்டும் எப்படிடா பந்தயத்துக்கு வந்துச்சு?"

"அக்கா, அவன் சின்னப் பையன்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"உன்னையும்தான் கேக்குறேன் தம்பி. எந்த உரிமையில நீ எடுத்துக் குடுத்த?"

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, சிரிப்பை அடக்கச் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் நல்லா ஆடினா ஆடுவேன். மோசமா ஆடினாலும் ஆடுவேன். சாகுற வரைக்கும் தோத்துட்டே இருந்தாலும் இங்கதான் உக்காந்திருப்பேன். மாட்டு."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். அண்ணன் மாட்டினான்.

அத்தை முதல் லெவலை மறுபடி திறந்தார். என் கை பொத்தானை நோக்கிப் போனபோது தட்டிவிட்டார். "உதவி வேணும்னா கேப்பேன்."

இதை எழுதும்வரை அந்தக் கோட்டை விழவில்லை. அண்ணன் ஏழு மணிவரை காத்திருக்கிறான், முணுமுணுத்துக்கொண்டேதான். சாவியை அவரவர் தேடுகிறோம். சில நாள் கிடைப்பதில்லை.