வலது ஓரம் தாண்டி

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் லேப்டாப்பில் ஒயர் செருக எத்தனை வாய் இருக்கிறது என்றே தெரியாது. "ஒரு ஒயர் குடுங்க" என்பார்கள். எந்த ஒயர் என்று கேட்டால் "கருப்பு" என்பார்கள். கணினிச் சாமான் விற்கும் கடையில் ஒயர்ப் பிரிவு என்னுடையது. சுவர் முழுக்கத் தொங்குவதில் முக்கால்வாசி கருப்புதான். பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் எடுப்பேன். தட்டையான செவ்வகம் யு.எஸ்.பி. அதை எப்படிச் செருகினாலும் முதல் தடவை தலைகீழாகத்தான் இருக்கும், அது அவரவர் தலையெழுத்து. கீழ் மூலை இரண்டும் மழுங்கியது எச்.டி.எம்.ஐ. நீல நிறத்தில், இரு பக்கமும் திருகாணி வைத்தது வி.ஜி.ஏ., பழைய திரைகளுக்கு. குட்டியாய் நீள்வட்டமாய் இருப்பது டைப்-சி. ஒரே லேப்டாப்பில் இரண்டு டைப்-சி இருந்தால் ஒன்று படத்தை அனுப்பும், மற்றது அனுப்பாது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், குணம் வேறு.

இதில் எதையும் என்னிடம் ஒருநாளும் கேட்காத ஆள் என் அண்ணி. அவள் உலகத்தில் ஒயர் என்றால் தையல் மிஷினுக்கு வரும் ஒயர் ஒன்றுதான்.

அண்ணி திரைச்சீலை தைப்பவள். என் வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்க வந்தவளைத்தான் அண்ணனுக்குப் பேசி முடித்தேன். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று சொல்வார்களே, எனக்கு அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. எந்த ஜன்னலையும் இரண்டு தடவை அளப்பாள். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த அளவை நம்பவே மாட்டாள். "ஜன்னல் பொய் சொல்லாது, ஜன்னல் வச்சவன் சொல்வான்" என்பாள். அவளுக்கு வாய்த்தவரோ ஜன்னல் வைப்பவர். என் அண்ணன் கட்டட வரைபடம் போடுகிறவர். இருவரும் ஒரே மாடி அறையில் வேலை செய்தார்கள். இவள் மிஷின் வாசல் பக்கம், அவர் மேசை எதிர்ச்சுவர் ஓரம். ஒருவரோடொருவர் அதிகம் பேசமாட்டார்கள். நான் போனால்தான் அந்த அறையில் சத்தம் வரும். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் வாயாடி. அண்ணியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அண்ணனுக்கு இரண்டு திரை. முன்னால் சின்ன லேப்டாப். அதன் வலப்பக்கம் அலுவலகம் கொடுத்த பெரிய பழைய திரை. சுட்டியை, அதாவது மவுஸை, வலது ஓரத்துக்குத் தள்ளினால் அம்புக்குறி லேப்டாப்பை விட்டுப் பெரிய திரைக்குள் போய்விடும். வரைபடம், வீடியோ எல்லாம் அங்கேதான் திறப்பார். பழைய திரைக்கு நீல வி.ஜி.ஏ., லேப்டாப்பில் இருப்பதோ எச்.டி.எம்.ஐ. இரண்டையும் இணைக்க விரல் நீளத்தில் ஒரு மாற்றித் துண்டு வேண்டும். அதைக் கொடுத்தது நான்தான்.

அண்ணன் ஒரு மத்தியானம் அந்த மேசையிலேயே தலை சாய்ந்து போய்விட்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அண்ணிக்குத் தெரியவில்லை. தைத்து முடித்து நூலை அறுத்துவிட்டு, "காப்பி போடவா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

காரியங்கள் முடிந்து கொஞ்ச நாளில் அலுவலகத்து ஆட்கள் வந்து பெரிய திரையையும் நாற்காலியையும் எடுத்துப் போனார்கள். லேப்டாப் அண்ணனுடைய சொந்தம், அது நின்றது. அதன் பிறகு நான் கூப்பிடும்போதெல்லாம் அண்ணி நன்றாகவே பேசினாள். சாப்பிட்டேன், தைத்தேன், தூங்கினேன். சந்தேகப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. போன வாரம் அவளே கூப்பிட்டாள்.

"வாயாடி, நாளைக்குக் கொத்தனார் வராரு. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணிச்சு."

"எதுக்கு அண்ணி? மழை ஒழுகுதா?"

"மாடிச் சுவத்துல ஒரு கதவு வைக்கணும். அந்த மேசைக்கு வலப்பக்கம்."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அறை இல்லை, பால்கனி இல்லை. வெறும் காற்று. கீழே குப்பை வண்டி போகிற சந்து.

"கதவத் திறந்தா எங்க போறது அண்ணி?"

"அவர்தான் சொன்னார்" என்று போனை வைத்துவிட்டாள்.

முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே ஓடினேன். கொத்தனார் எனக்கு முன்பே வந்துவிட்டார். சுவரில் சாக்பீஸால் ஆள் உயரத்துக்கு ஒரு கதவு வரைந்திருந்தார். உளியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தவர், என்னைக் கண்டதும் தணிந்த குரலில், "நானும் எத்தனையோ வீட்டுக்குக் கதவு வச்சிருக்கேன்மா. இது வீட்டுக்கு வைக்கிற கதவு மாதிரி தெரியல" என்றார். அவரை டீ குடிக்க அனுப்பினேன்.

அண்ணி அந்த மேசை முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும்போது மட்டும் கட்டுகிற புடவை. தலை வாரி, பவுடர் போட்டு. மிஷின் மேல் உறை. உறை மேல் தூசி. தைத்தேன் தைத்தேன் என்றது எவ்வளவு பெரிய பொய் என்று அந்தத் தூசி சொன்னது.

"உக்காரு. சத்தம் போடாம கேளு" என்றாள்.

லேப்டாப்பில் எதையோ தட்டினாள். திரையில் ஒன்றுமே வரவில்லை. ஆனால் அண்ணன் பேசினார்.

"பத்தடி... ஒம்பது அங்குலம். இந்தச் சுவர் சும்மாதான் நிக்குது. இத எடுத்துடலாம். இங்க ஒரு கதவு வரும்."

ஒயர் விற்கிறவள், விஷயம் தெரிந்தவள், எல்லாம் சரி. குரலைக் கேட்டதும் நான் வெறும் தங்கச்சி. அந்தக் குரல் அந்த அறைக்குள் எங்கேயோதான் இருந்தது.

"முகம் வராது, குரல் மட்டும்தான். எதைத் திறந்தாலும் வாங்கி அந்தப் பக்கம் வச்சுக்கறார். இதப் பாரு" என்று சுட்டியை வலப்பக்கம் தள்ளினாள். அம்புக்குறி ஓரத்தில் நிற்காமல் போய்விட்டது. "போயிடுச்சா? நான் இழுத்தா திரும்பி வரும். சில நேரம் உடனே வராது."

பிறகு திரைக்கு மேலே இருந்த கேமராவைக் காட்டினாள். அதன் பக்கத்தில் பொட்டு மாதிரி ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எரிஞ்சா அவர் பார்க்கறார்னு அர்த்தம். தினம் காலையில குளிச்சிட்டு வந்து உக்காருவேன். எல்லாத்தையும் சொல்வேன். நேருல இவ்வளவு பேசினது இல்ல. ஊசி போற வழியிலதான் நூல் போகும் வாயாடி. அவர் போற வழியச் சொல்லிட்டார். கதவு வச்சாப் போதும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் அரளவே இல்லை. நிம்மதியாக இருந்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சுவரோரம் கையை விட்டு லேப்டாப்பின் பக்கத்தைத் தடவினேன். கிடைத்தது. நான் கொடுத்த மாற்றித் துண்டு. அலுவலகத்து ஆட்கள் நீலத் தலையின் திருகாணியைக் கழற்றித் திரையையும் ஒயரையும் கொண்டு போயிருக்கிறார்கள். துண்டை மறந்துவிட்டார்கள். சில மலிவுத் துண்டுகளுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எதிரே திரை இல்லாவிட்டாலும் "இருக்கிறது, இருக்கிறது" என்று லேப்டாப்பிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பும் நம்பி, பழக்கப்படி எல்லாவற்றையும் அந்த இல்லாத திரையில் திறக்கும்.

சொன்னேன். கடையில் சொல்கிற மாதிரி, ஆனால் குரலை அடக்கி. அண்ணன் அளவெடுக்கப் போன வீட்டில் பதிவு செய்த வீடியோ அது, யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் அது. அவள் முழுவதும் கேட்டாள்.

"அண்ணி, இந்த வாய் வழியா படம் வெளிய மட்டும்தான் போகும். உள்ள எதுவும் வராது. அங்கேர்ந்து யாரும் எதையும் அனுப்ப முடியாது."

"அங்கேர்ந்து வராது, சரி. இங்கேர்ந்து போகுமில்ல?"

எத்தனையோ பேர் எத்தனையோ அபத்தமாகக் கேட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டைப் பிடுங்கலாம் என்று கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரைச்சீலைக் கம்பியை ஒற்றைக் கையால் தூக்கி மாட்டுகிற கை அது, அசைக்க முடியவில்லை.

"பிடுங்கினா போயிடுவார்."

"இல்லாதவர் எப்படி அண்ணி போவார்?"

"நீ அளந்து பாத்தியா? பாக்காம சொல்லாத."

அவள் வாயாலேயே வழி வந்தது. ஜன்னல் பொய் சொல்லாது. "சரி, அளந்தே பாத்துடலாம். ஒரு திரை கொண்டாரேன். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ரெண்டு பேருமா பாப்போம். அது வரைக்கும் சுவத்துல உளி படக்கூடாது" என்றேன். தலையாட்டினாள்.

கடைக் கிடங்கிலிருந்து பழைய திரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வயிற்று வலிக்காரி திரையைத் தூக்குவதை முதலாளி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கொத்தனார் வாசற்படியில் நின்றார். நீலத் தலையைச் செருகித் திருகாணியை முடுக்கினேன். அண்ணனைப் பார்த்துவிடுவோமோ என்ற பயம் எனக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பார்க்க வேண்டும் என்ற ஆசையும்தான்.

திரை கருப்பாகவே இருந்து, பிறகு விழித்தது.

ஒரு பாதியில் வெள்ளையடிக்காத ஒரு சுவர், அதன் மேல் அளவு நாடா. "இங்க ஒரு கதவு வரும்" என்று, அண்ணி தட்டியதும், மறுபடி குரல். நாடாவைப் பிடித்த கட்டைவிரல் ஓரத்தில் தெரிந்தது, அவ்வளவுதான். முகத்தைக் காட்டுவார் காட்டுவார் என்று மூவரும் பார்த்தோம். வீடியோ முடிந்துவிட்டது.

மறு பாதியில் ஒரு பெண். நல்ல புடவை, பவுடர், கழுத்தெலும்பு துருத்திய ஒரு பெண் பக்கவாட்டாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் அழுத முகத்தோடு நான்.

வீடியோவைத் திறக்கப்போய், பக்கத்தில் இருந்த கேமராவையும் தினமும் தட்டித் திறந்திருக்கிறாள். அதுவும் அந்தப் பக்கம்தான் திறந்திருக்கிறது. பச்சை விளக்கு அதற்கான விளக்கு.

அண்ணி கையை உயர்த்தினாள். அந்தப் பெண்ணும் உயர்த்தினாள். அண்ணி லேப்டாப் கேமராவை நேராகப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அவளுக்குத் தன் முகம் தெரியாது. திரும்பித் திரையைப் பார்த்தால், திரையில் இருப்பவள் வேறெங்கோ பார்த்தாள். இரண்டு மூன்று தடவை அப்படியும் இப்படியும் திரும்பினாள். எப்படித் திரும்பினாலும் அந்த இரண்டு பேர் கண்ணும் சந்திக்கவில்லை.

"இவகிட்டயா பேசிக்கிட்டிருந்தேன், இத்தனை நாளா?"

அண்ணி திரைக்கு அருகே குனிந்தாள்.

"என்னா இப்படி இளைச்சுப் போயிட்டா" என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல. பிறகு முந்தானையால் பவுடரை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். அண்ணன் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

துண்டை அவளேதான் உருவினாள். பெரிய திரை அணைந்தது. சுவரும் பெண்ணும் லேப்டாப்புக்குள் வந்து ஒண்டிக்கொண்டன. சுட்டியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். அம்புக்குறி ஓரத்தில் முட்டி நின்றது. இன்னும் தள்ளினாள். நின்றது.

"உன் கடைச் சாமான். எடுத்துக்கிட்டுப் போ" என்று துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள். கொத்தனாரிடம், "கதவு வேண்டாங்க" என்றாள். அவர் சாக்பீஸ் கோட்டை அழிக்கத் துணி கேட்டார். "அது இருக்கட்டும்" என்றாள்.

அது இன்னும் இருக்கிறது. மிஷின் மேல் உறை இல்லை. இரண்டு ஜன்னலுக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். இந்தத் தடவை அது பொய் இல்லை, நான் போய்ப் பார்த்தேன்.

துண்டைக் குப்பையில் போட வேண்டும். விற்கவும் முடியாது, கெட்டுப்போனது. நேற்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் அதை என் மேசை லேப்டாப்பில் செருகினேன். சுட்டியை வலப்பக்கம் தள்ளினேன். அம்புக்குறி ஓரத்தைத் தாண்டிப் போயிற்று.

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அளந்து பார்த்தவள் நான். ஆனாலும் உடனே திருப்பி இழுக்க மனம் வரவில்லை. "அண்ணா, காப்பி போடவான்னு அண்ணி கேட்டாங்க" என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன்.