சும்மா இருந்தால் நின்றுவிடும் கம்ப்யூட்டர்

அறை முழுக்கச் சின்ன வெங்காயத்தின் காரமான வாசம். ஒரு மூலையில் பரப்பிவைத்த வெங்காயம், எதிர்மூலையில் கம்ப்யூட்டர். நடுவில் சேலைத்தூளியில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத என் மகள்...

குன்னத்தில் என் அம்மா வீடு அது. பிரசவத்துக்கு வந்திருந்தேன்.

கணவர் கத்தாரில், பாலைவனத்துக்குள் ஏதோ ஒரு சைட்டில் வெல்டர். பிள்ளை பிறக்கும்போது வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். லீவு கிடைக்கவில்லை. முந்தின லீவில் வந்தபோது வீடியோ கால் பேசுவதற்கென்றே இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, அம்மா வீட்டு லேண்ட்லைனில் நெட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் எல்லார் கையிலும் அப்போது பட்டன் போன்தான்.

அவர் கேம்ப்பில் அத்தனை பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். வரிசையில் நின்று, முறை வரும்போதுதான் கூப்பிட முடியும். எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அதனால் எங்கள் கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஆன் ஆகிக் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்புதான் அதற்கு ஆகவில்லை.

பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் எல்லாம் அப்படியே இருக்கும். மவுஸ் நகராது. ஓரத்தில் இருக்கும் கடிகாரம் எப்போதோ நின்றுபோயிருக்கும். அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். அதற்குள் அவர் முறை வந்து போயிருக்கும்...

ஒருநாள் போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"எவ்வளவு நேரம் வரிசையில நின்னு அடிக்கிறேன் கயலு... எடுக்கவே மாட்டேங்கிற. புள்ளைய என் கண்ணுல காட்டக்கூடாதுன்னு இருக்கியா?"

போட்டோ மெயிலில் அனுப்பியிருந்தோம். ஆனால் அவருக்கு அசைகிற பிள்ளையைப் பார்க்க வேண்டும். அழுகை வந்துவிட்டது.

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் போனார். அங்கே மெக்கானிக் நல்ல மனுஷன். ராம் மெமரியைக் கழற்றித் துடைத்தார், விண்டோஸை மாற்றினார், பாட்டுப் போட்டு நாள் முழுக்க ஓடவிட்டும் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "எங்கிட்ட நல்லாத்தாங்க ஓடுது. ஒங்க வூட்டு கரண்டத்தான் பாக்கணும்" என்று திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானமே நின்றது.

எங்கள் அண்ணிக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது சீட்டாட்டம் ஒன்றுதான். அவர்தான் போகிறபோக்கில் சொன்னார்.

"நா சீட்டு வெளாடறப்ப ஒருவாட்டி கூட நின்னதில்லையே கயலு..."

எனக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. மெக்கானிக் கடையில் பாட்டு ஓடியது. அண்ணி ஆடும்போது சீட்டு ஓடியது. அப்படியானால் வேலை கொடுத்தால் நிற்பதில்லை... சும்மா விட்டால்தான் நிற்கிறது! சோதித்துப் பார்த்தேன். பாட்டைச் சன்னமாக ஓடவிட்டால் சாயங்காலம் வரை உயிரோடு இருந்தது. பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் கடிகாரம் நின்றது.

இதை அப்படியே, எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில், கம்ப்யூட்டர் கோளாறுகளைப் பேசும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் எழுதிப் போட்டேன். கணவர் தூரத்தில் இருக்கிறார், பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை என்றும் எழுதினேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. யாரோ ஒருவர். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தார்.

வேலை இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் மூளை தூங்குமாம். நான் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்ததைத் தேடுவதற்குள்ளேயே பலமுறை கண்ணயர்ந்து எழுமாம். வெகுநேரம் சும்மா விட்டால் ஆழ்ந்து தூங்கிவிடுமாம். அப்போது அதற்கு வேண்டியது துளி மின்சாரம். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பழைய ரகமாக இருந்தால், நிறைய கேட்டால் கொடுக்கும், துளி கேட்டால் தடுமாறும். தூங்கினது எழுந்திருக்காது.

படித்துவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் தூளியில் தூங்குகிறாள்... இங்கே ஓர் இரும்புப் பெட்டிக்குள்ளும் இப்படி ஒரு தூக்கமா?

ஆழ்ந்த தூக்கத்தை நிறுத்த அவரே வழியும் எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலிட் பட்டனை அழுத்தினேன். செட்டிங்ஸ் மாற்றும் நீலத்திரை வந்தது. 'சி ஸ்டேட்' என்ற வரியைத் தேடி அணைத்துவைத்தேன்.

பிறகு பாட்டும் போடவில்லை, யாரும் தொடவுமில்லை. சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். மத்தியானம் போயிற்று, வெயில் சாய்ந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கால் வந்தது.

மகளைத் தூக்கிக் கேமரா முன் பிடித்தேன். அவர் முகம் தெரிந்தது. பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"கால ஆட்டுறா கயலு..." என்றார் கடைசியில். "கொஞ்சம் கிட்ட காட்டு."

அவள் கொட்டாவி விட்டாள். அதற்கு அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் பார்த்தேன், அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் முறையை விட்டுக்கொடுத்து, "நீ பாருப்பா" என்றது ஒரு குரல்.

முகம் தெரியாத ஒருவர், பனி விழும் ஊரில் உட்கார்ந்து, குன்னத்தையும் அந்தப் பாலைவனத்தையும் சேர்த்துவைத்திருந்தார். நன்றி எழுதினேன். "பெண்ணா, பையனா?" என்று மட்டும் கேட்டிருந்தார். பெண் என்றேன்.

இப்போது கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை. வேலை முடிந்து பஸ் ஏறியதும் ஒரு வீடியோ கால் வரும். மகள் எடுப்பாள், "சொல்லுங்கப்பா" என்பாள், போனை மல்லாக்க மேசையில் வைத்துவிட்டுத் தலை வாரப் போய்விடுவாள்.

அவரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டு ஃபேன் சுற்றுவதைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு வருவார்.