லவுஞ்சில் ஆள் இல்லை

தவராசா அசையாமல் இருப்பதில் பெயர் பெற்றவர். ஆக்லாந்தில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியபோது அவருடைய கையும் காலும்தான் வேலை செய்தன; மற்றவையெல்லாம் ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கல்யாண வீட்டில் ஒளித்து விளையாடிய பிள்ளைகள் அவரைத் தூணாக்கி, அவர் முதுகில் முகம் புதைத்து ஐம்பது வரை எண்ணினார்கள். கடைசிப் பிள்ளை எண்ணி முடிக்கும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வருடம் ஓய்வு பெற்றார். அதன்பின் மவுண்ட் ரோஸ்கில் வீட்டின் லவுஞ்சில், ஜன்னலோரக் கதிரையில் அமர்ந்து பேப்பரின் குறுக்கெழுத்துப் புதிர் போடுவதே அவர் பகல் பொழுதானது. மனைவி ரதிதேவிக்குப் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாள்.

வீடு பழைய பலகை வீடு. குளிர்காலமான ஜூலையில் காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் நனைந்து ஒழுகும். அதைத் துடைத்துத் துடைத்தே ரதிதேவிக்குத் துவாய்கள் தேய்ந்தன. வெலிங்டனில் வேலை செய்யும் மகள் ராகவி, போன குளிர்காலத்தில் தாயின் இருமலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, இந்த வருடம் கூரைக்குள்ளிருந்து எல்லா அறைக்கும் குழாய் வழியே சூடு அனுப்புகிற ஹீட் பம்ப் ஒன்றைப் போட ஏற்பாடு செய்தாள்.

போட வந்தவர் லின்ஃபீல்டில் இருக்கும் மனோஜ். மதுரைக்காரர், வாய் ஓயாதவர். ஒவ்வோர் அறையின் மூலையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைச் சென்சரை ஒட்டினார்.

"இதுதான் அங்கிள் விஷயமே. ரூம்ல ஆள் இருந்தா சூடு வரும். கால் மணி நேரம் யாரும் இல்லேன்னா அந்த ரூமுக்குச் சூடு வர்ற குழாயோட மூடி தானா மூடிக்கும். ஆளில்லாத ரூமை எதுக்குச் சூடு பண்ணணும்? கரண்டும் மிச்சம்."

"நல்ல விஷயம் தம்பி," என்றார் தவராசா.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு மூக்கு நுனி உறைந்தது. சூட்டு மூடி மூடிக் கிடந்தது. மனோஜுக்குப் போன் போட்டார்.

"தம்பி, வீடு குளிருது."

"ஒரு நிமிஷம் அங்கிள், ஆப்ல பார்க்கிறேன். லவுஞ்சுல ஆள் இல்லைன்னு காட்டுதே?"

"நான் இருக்கிறன்!"

"எங்க இருக்கீங்க?"

"லவுஞ்சிலதான்!"

மனோஜ் தயங்கிச் சொன்னார்: "அது அசைவைத்தான் பார்க்கும் அங்கிள். கொஞ்சம் கையை ஆட்டுங்க."

தவராசா கையைத் தூக்கி ஒருமுறை ஆட்டினார். மேலே 'டக்' என்று மூடி திறந்து இளஞ்சூடு இறங்கியது. குறுக்கெழுத்தில் மூழ்கினார். கால் மணி நேரத்தில் 'டக்'. மறுபடி குளிர்.

ராகவியிடம் முறையிட்டபோது அவள் சிரித்தாள். "அப்பா, ஜஸ்ட் மூவ்!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் "தாங்க்யூ டிரைவர்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்தக் குரல்கள் நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஒரு வெள்ளைப் பெட்டியும் அவரைப் பார்த்து, ஆள் இல்லை என்கிறது.

மூன்றாம் நாள் கை வலித்தது. தமிழ் வானொலியைப் போட்டுவிட்டு, தாளத்துக்குக் காலை ஆட்டிப் பார்த்தார். சூடு வந்தது. வானொலியில் துள்ளலான இலங்கைப் பைலாப் பாட்டு ஒன்று வர, எழுந்து நின்று இடுப்பை இரண்டு தரம் அசைத்தார். யாரும் பார்க்கவில்லை என்பது உறுதியானதும் ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று குறுக்கெழுத்து பாதியில் கிடந்தது.

மூன்று வாரம் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை. வேலையிடத்துத் தேநீர் இடைவேளையில் ரதிதேவி போனில் ஹீட் பம்ப் ஆப்பைத் திறந்தாள். லவுஞ்சில் ஆள். அடுத்த கணம் வீட்டு நடையில் ஆள். பிறகு குசினியில், படுக்கையறையில், மறுபடி லவுஞ்சில். ஒரு மணி நேரமாக யாரோ வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தன் கணவர் அப்படிச் சுற்றக்கூடியவர் அல்ல என்பது அவளுக்கு முப்பத்துமூன்று வருடமாகத் தெரியும்.

போன் அடித்தாள். தவராசா எடுக்கவில்லை. மனோஜை அழைத்தாள். "தம்பி, வீட்டுக்குள்ள கள்ளன்! இவர் கதிரையிலயே இருந்திருப்பார், அவன் இவரைக் கண்டிருக்கவே மாட்டான்!"

"பக்கத்துலதான் இருக்கேன் ஆன்ட்டி. இதோ வந்து கூட்டிட்டுப் போறேன்."

மனோஜின் வேன் வீட்டு வாசலில் நின்றதும் இருவரும் குனிந்து குனிந்து நடந்தார்கள். மனோஜின் கையில் ஒரு நீளக் குழாய்த் துண்டு. ரதிதேவியின் கையில், எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாமல், முதியோர் இல்லத்துச் சூப் அகப்பை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே வானொலி பாட, தவராசா, ஜூலைக் குளிரில் பெனியனும் இடுப்பில் சாரமுமாக, வியர்த்து ஒழுக, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடையிலிருந்து லவுஞ்சுக்குள் சுழன்று வந்தார். சோபாவைச் சுற்றினார். கதிரைக்கு ஒரு வணக்கம் வைத்தார். திரும்பவும் குசினிப் பக்கம் துள்ளிப் போனார்.

"அங்கிளா அது?" என்றார் மனோஜ், குழாயைக் கீழே விட்டுவிட்டு.

குழாய் விழுந்த சத்தத்தில் தவராசா ஜன்னலைப் பார்த்தார். ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

ரதிதேவி கதவைத் திறந்துகொண்டு போனாள். "என்னப்பா இது? எத்தினை நாளா நடக்குது?"

"மூண்டு கிழமை," என்றார் மெல்ல. "நீர் ஏன் அகப்பையோட வந்தனீர்?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள், சிரிப்புத்தான் வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த பாட்டு தொடங்க, தவராசா வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

"எனக்கு ஆடத் தெரியாதப்பா!"

"எனக்கு மட்டும் தெரியுமோ? ஓம் எண்டு சொல்லும்!"

"ஓம், ஓம், கையை விடுங்கோ, விழப்போறன்!"

வேலைச் சப்பாத்தோடும் ஏப்ரனோடும் அவள் ஆடினாள். மனோஜ் இடுப்பில் தொங்கிய கருவிகள் கலகலக்கக் கூடவே ஆடினார். கொஞ்ச நேரத்தில் வீடு இருபத்துநான்கு பாகையைத் தாண்ட, ஹீட் பம்ப் தானாகவே ஓய்ந்தது. அவர்கள் ஓயவில்லை.

"அங்கிள், நீங்க இந்தக் கஷ்டம் படவேண்டாம்," என்று மூச்சு வாங்கச் சொன்னார் மனோஜ். "வேற சென்சர் இருக்கு. ஆள் மூச்சு விடும்போது நெஞ்சு அசையுது பாருங்க, அதையே கண்டுபிடிச்சிடும். அடுத்த வாரம் மாட்டிடறேன்."

சொன்னபடியே மாட்டினார். தவராசா கதிரையில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்து, கல்லாய் இருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரமும் ஆயிற்று. மூடி மூடவில்லை. காலடியில் சூடு இதமாகப் பரவியது.

"நான் இருக்கிறன் எண்டு அதுக்கு விளங்கீட்டுது, என்ன?"

"ஆமா அங்கிள். இனி நீங்க சும்மா இருந்தாலே போதும்."

தவராசா கண்களை மூடிச் சற்று நேரம் அந்தச் சூட்டை அனுபவித்தார். பிறகு எழுந்துபோய் வானொலியைப் போட்டார்.

ஆளில்லாத அறைகளின் சூட்டு மூடிகள் மூடிக் கிடந்ததில் அந்தக் குளிர்காலத்தின் மின்சாரச் செலவு நன்றாகவே குறைந்தது. ரதிதேவிக்கு இருமல் வரவில்லை. தவராசா அவளிடம் கேட்காமலே சமூக மண்டபத்தில் சனிக்கிழமை நடன வகுப்புக்கு இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

முதல் சனிக்கிழமை, நாற்பது பேர் வரிசையாக நின்று ஆடும் நடனம். ஆசிரியை கை தட்டியதும் முப்பத்தொன்பது பேர் இடப்பக்கம் திரும்பினார்கள். தவராசா வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற ரதிதேவியின் மூக்கோடு மூக்கு முட்டினார்.

"மற்றப் பக்கமப்பா!" என்றாள் அவள்.

"எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிச்சிருக்கு," என்றார் அவர். வரிசை முழுவதும் சிரித்துக் குலைந்தது. ஆசிரியை பாட்டை முதலிலிருந்து போடவேண்டி வந்தது.