குழி நிரம்பிய கிழமை

போர்க்காலத்தில் கொழும்புத் தமிழர் வீடுகளில் தங்கும் எல்லாரையும் பொலிஸில் பதிய வேண்டும். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடிக்குப் பொலிஸில் பதிந்திருந்தது நான்கு பேர்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள். இருந்ததோ பதினொரு பேர். கணவரின் அக்கா குடும்பம் ஆறு பேராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரண்டு கிழமையில் விசா கிடைத்துவிடும் என்று சொல்லி மூன்று மாதமாகத் தங்கியிருந்தது. அவர்களோடு வந்த என் தம்பிக்கு இருபத்துமூன்று வயது. முதலில் பதியப் பஞ்சிப்பட்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டோம். பிறகு, ஏன் பிந்தினீர்கள் என்று கேட்பார்களே என்று பயந்தோம்.

ஒரு குடும்பத்துக்கு வெட்டிய கக்கூஸ் குழி பதினொரு பேரை எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் முற்றத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர், முஸ்லிம் மனிதர், மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தார்.

“டீச்சர், நாளைக்கே குழி உறிஞ்சுற பவுசரக் கூப்புடுறன்.”

“ஐயோ, வேண்டாம். நாலு பேர் இருக்கிற வீட்டில எப்பிடி இவ்வளவு கெதியா நிரம்பினது எண்டு கேப்பினம். பொலிசுக்குச் சொல்லிப்போடுவினம்.”

“அவங்க பீ அள்ள வாறவங்க டீச்சர், சீஐடி இல்ல!”

நான் கேட்கவில்லை. வீட்டில் பெரிய மூளைக்காரி நான்தானே! ஒரு கிழமை தவணை வாங்கினேன். ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் என்று சட்டம் போட்டேன். ஆம்பிளைகள் விடியற்காலையில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைப் பாறைப்பக்கம் போய்வர வேண்டும் என்றேன். கணவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். தம்பி மட்டும் வாசலில் நின்றான்.

“அக்கா, எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

“வெக்கம் பாக்கிற காலமோ இது? போடா!” என்று கத்தினேன்.

நான்காம் நாள் காலை கணவர் தனியாகப் படியேறி வந்தார். பாறையடியில் ஆமிக்காரர் சுற்றிவளைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். கணவரின் சட்டைப்பையில் பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தது; விட்டுவிட்டார்கள். தம்பியிடம் யாழ்ப்பாண அடையாள அட்டை மட்டும்தான். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் குசினி நிலத்தில் குந்தி தலையில் அடித்து அழுதேன்.

அன்று மத்தியானமே வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் பவுசரைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். குழி மூடி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். குழாயை இறக்கினார்கள், உறிஞ்சினார்கள், பிளேன்டீ குடித்தார்கள், போனார்கள். எத்தனை பேர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வகுப்பில் எத்தனை தரம் படிப்பித்திருப்பேன்!

மூன்று கிழமைக்குப் பிறகுதான் தம்பியைப் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். ஒரு கண் வீங்கியிருந்தது. அவன்தான் முதலில் கதைத்தான்.

“அக்கா, பவுசர் வந்ததோ? ஆரும் ஏதும் கேட்டவையோ?”

“இன்னும் கூப்பிடேல்லையடா. கூப்பிட்டா கட்டாயம் கேப்பினம்” என்றேன்.

“அப்ப நான் கடற்கரைக்குப் போனது நல்லதுதான்” என்றான்.