ரூபி அக்காவும் 9999 கேமும்

எங்க தெரு ரூபி அக்கா திண்டுக்கல்லுல தையக்கடை வச்சிருந்தா. முப்பது வயசு, கல்யாணம் ஆகல. மிஷின் மிதிச்ச காசுல, டிவில மாட்டி ஆடுற வீடியோ கேம் வாங்குனா. தொண்ணூத்தி ஒம்போதுல அது பெரிய கூத்து. "கழுத்துல தாலி ஏறல, கையில விளையாட்டுச் சாமானா?"ன்னு கேட்டாங்க. கேட்டவுக யாரு? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட சீட்டாட ஒக்கார்ற ஆம்பளைக. "உங்க வீட்டுக் காசுலயா வாங்குனேன்?"னா அக்கா.

ஒரு நாள் புதுக் கேசட் வாங்க என்னையும் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனா. கேசட் மேல '9999 கேம்'னு போட்டிருந்துச்சு. விலை முந்நூறு ரூபா.

"பையனுக்காக்கா?"ன்னாரு கடைக்காரரு.

"எனக்குத்தான். போட்டுக் காட்டுங்கண்ணே."

கடை டிவிலயே அக்கா ஒவ்வொன்னா ஆடிப் பாத்தா. எட்டாவது கேமப் போட்டா, மொதக் கேமே திரும்ப வந்துச்சு. ஒம்போதாவதுக்கு ரெண்டாவது வந்துச்சு.

"ஏண்ணே, இருக்கிறதே ஏழு கேம்தான?"

"நம்பர் வேற வேறதானக்கா? அம்புட்டும் கணக்குத்தான்."

அக்கா ஒரு நூறு ரூபா நோட்ட மேசையில வச்சு, "ஒன்னு"ன்னா. அதையே எடுத்துத் திரும்ப வச்சு, "ரெண்டு"ன்னா. இன்னொரு தடவ எடுத்து வச்சு, "மூணு. முந்நூறு ஆச்சுண்ணே"ன்னு கேசட்டப் பையில போட்டா.

கடைக்காரரு பதறிட்டாரு. "யக்கா, ஒரே நோட்டத்தான வச்சீங்க?"

"நம்பர் வேற வேறதானண்ணே?"