வசதியான நீதிமன்றம்

'வசதி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு குறிஞ்சிப்பிட்டிப் பக்கக் கரைக்கு ஹோட்டல்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அந்தக் கரையில்தான் எங்கள் பாடு, அதாவது கரைவலை இழுக்கும் இடம். வாப்பாவுக்குப் பிறகு, மூத்த மகனான நானாதான் அதைப் பார்த்துக்கொண்டார். சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் கரையில் போட்ட வாடிக் குடிசையைப் பிரித்து, கம்பையும் கிடுகையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். விட்டுவைத்தால் காற்றே பிய்த்துப் போடும். அந்த முறையும் அப்படித்தான் பிரித்தோம். வெறுங்கரையைப் படம் பிடித்து, ஆளில்லாத நிலம் என்று சொல்லி, ஒரு வெளிநாட்டுக் கம்பனி கம்பிவேலி அடித்துவிட்டது.

புத்தளத்தில் லோயர் கையை விரித்தார்.

"இங்க அவங்களுக்கு ஒரு கந்தோர் கூட இல்ல நானா. நோட்டீஸ யாருக்கு அனுப்புற? முதலாளி இருக்கிற நாட்டிலயே போடுங்க."

அந்த நாட்டில் இருந்த எங்கள் மாமி மகன் ஒரு லோயரைப் பிடித்து வழக்குப் போட்டார். சாட்சிகள் அவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படுவார்களே என்று கம்பனி அங்கே வாதாடியதாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! ஒரு மீன்பிடிக் காலம் முழுவதும் காத்திருந்த பிறகு தீர்ப்பு வந்தது. நிலம் இலங்கையில், கடல் இலங்கையில், சாட்சிகள் இலங்கையில். ஆகவே இலங்கை நீதிமன்றமே வசதியானது, வழக்குத் தள்ளுபடி. கடல் இங்கேதான் இருக்கிறது என்பதை எங்களிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போமே!

"இங்க போட்டா கம்பனி வரோணும் எண்டு அந்த நாட்டுக் கோர்ட்டு சொல்லல்லயா?" என்று நானா புத்தளம் லோயரிடம் கேட்டார்.

"சொல்லித்தான் இருக்கு நானா. வருவாங்க."

புத்தளத்தில் வழக்குப் போட்டோம். வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கம்பனி சார்பில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து, முதலாளிக்கு வர வசதிப்படவில்லை என்று வழக்கைத் தள்ளிப்போட்டுத் தவணை வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் அடுத்த சோளகமும் ஓய்ந்து கடல் படுத்துவிட்டது. நானா வாடிக் கம்புகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். பின்னால் நானும் போனேன். வேலியில் காவலுக்கு நின்றது எங்கள் மச்சான். கம்பனி ஊரிலேயே ஆள் பிடித்திருந்தது.

"உள்ள விட ஏலாது நானா. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு. இன்னொரு கேஸ் போடுங்களேன்."

"எங்க போடுற மச்சான்?"

வேலிக்கு அப்பால், எங்கள் பாடு இருந்த இடத்துக்கு நேரே, கடலில் மீன்கூட்டம் கறுத்துக் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.