நட்சத்திரத்துக்கு நடுவில் அம்மாவின் தாம்பாளம்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. ஒதுங்கினேன். மழை விட்டதும் கிளம்பி வந்துவிட்டேன். அதனால் எழுத்து என்றால் இன்றைக்கும் எனக்கு எறும்பு ஊர்ந்த தடம்தான். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். பொய் இருந்தால் என்னை.

அப்பா தகர வேலைக்காரர். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு கழி நட்டு ஓலை போட்டதுதான் பட்டறை. கடைவீதியில் தூக்கிப் போடுகிற மண்ணெண்ணெய் டின்கள் எல்லாம் அங்கே வந்து புனலாகவும் சிம்னி விளக்காகவும் மறுபிறவி எடுக்கும். எத்தனை தட்டியும் உருப்படாத தகரம் நான் ஒருவன்தான் என்பார் அப்பா.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் வாசலில் கட்ட ஒரு பெரிய நட்சத்திரம் வேண்டும் என்று, கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீடு தேடி வந்தார். முந்தின வருஷத்துக் காகித நட்சத்திரம் பனியில் நனைந்து பிய்ந்துபோயிருந்தது. போகும்போது என் தலையில் தட்டி, "கயித்த இழுத்து மேல ஏத்தற வேலை உனக்குத்தான்டா" என்றார். அதுவரை என்னை நம்பி யாரும் எந்த வேலையும் கொடுத்ததில்லை. அன்று முதல் இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டே தெருவில் திரிந்தேன்.

அப்பா டின் தகட்டில் ஐந்து முனைகளை வெட்டி, ஆணியால் பூப்பூவாகத் துளையிட்டு, ஈயம் வைத்து ஒட்டிவிட்டார். நடுவில் மட்டும் வட்டமாக ஓர் இடம் காலியாக இருந்தது.

"தகரம் நாலு நாள்ல மங்கிப்போயிரும் சாமி. நடுவுல ஒரு பித்தளைத் தகடு கெடைச்சா சூரியனாட்டம் நிக்கும்" என்றார் என்னிடம். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பார்த்து வெறுங்கையோடு வந்தார். "போகட்டும், காயிதத்த ஒட்டிக்கலாம்."

காகிதம் ஒட்டிய நட்சத்திரத்தை இழுக்க எனக்கு மனமில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதன் அடியில் ஒரு சேலை, சேலைக்குள் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதன் நடுவில் புள்ளிபுள்ளியாக ஏதோ குத்தியிருக்கும். அம்மா வருஷத்துக்கு ஒரு முறை புளி போட்டுத் தேய்த்து, திரும்பச் சுற்றி வைத்துவிடுவாள். சோறு போடாத தட்டு எதற்கு என்பது என் கட்சி.

அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் அதை எடுத்துப்போய் அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"உங்கம்மா குடுத்தாளா?"

"ஆமாங்கப்பா. நட்சத்திரத்துக்கு வெச்சுக்கச் சொல்லுச்சு."

"அவளாவா சொன்னா?"

"அம்மாவேதானுங்க."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அவகிட்ட நான் ஒண்ணும் கேட்டுக்கப் போறதில்ல. நீயும் வாயத் தொறக்காத. ஏத்தற அன்னிக்குப் பாக்கட்டும்" என்றார். இதைவிட வசதியான உத்தரவு எனக்கு என்ன வேண்டும்.

அந்தப் புள்ளிகளை அவர் அழிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்துத் தட்டி, வெளிச்சம் வரும்படி துளையாக்கினார். அவருக்கும் எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் புள்ளிகள் என்ன என்பது தெரியும். ஊரில் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

ஏற்றுகிற அன்று பொழுது சாயும் நேரத்தில் நான் கயிற்றை இழுத்தேன். நட்சத்திரம் மேலே போனது. பல்பைப் போட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் நடுவட்டத்தில் ஒளிர்ந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். அது ஒரு பெண்ணின் பெயர். ராசிபுரம் பக்கத்து ஊர்க் காளியின் பெயர்.

அப்பாவைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கி வேறு பெயர் பெறும்வரை அம்மாவின் பெயர் அதுதானாம். அவள் பெரியமனுஷி ஆனபோது தாய்மாமன் பெயர் வெட்டிச் சீர் வைத்த தாம்பாளம் அது. தோட்டம் துரவு, ஆடு மாடு, அப்பன் ஆத்தா எல்லாவற்றையும் விட்டு வந்தவள், அந்த ஒன்றைத்தான் கையில் எடுத்து வந்திருக்கிறாள். எனக்கு மீசை முளைத்த பிறகு அத்தை சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை ஊர் கூடிப் படித்தது போதும்.

"மாதா கோயில்ல காளி வந்து உக்காந்துட்டாளா?" என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"எறக்குடா" என்றார் உபதேசியார். ஏற்றின கையாலேயே இறக்கினேன். அப்பாவிடம், "அந்த ஓட்டையெல்லாம் அடைச்சு நாளைக்குக் கொண்டா" என்றார்.

மறுநாள் காலை அப்பா ஈயத்தை உருக்கித் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். நான் துருத்தி ஊதினேன். பாதிப் பெயர் மறைந்திருந்தபோது அம்மா நீராகாரம் கொண்டு வந்தாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"உனக்கு வருத்தமா?" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

"எனக்கென்னங்க வருத்தம். நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

அவளாகவே கொடுத்தாள் என்று இவர் நினைத்தார். கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். இவருக்கு, அவள் கொடுத்ததைக் காப்பாற்றாத வெட்கம். அவளுக்குக் கேட்கவும் மனம் வராத வெறுப்பு. அதற்கப்புறம் அம்மா அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே ஒரு சேலைதான். ஏன் பூட்டுகிறாய் என்று அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் முதுகுத்தோல் உரிந்திருக்கும், அதோடு போயிருக்கும். நானாவது சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி ஊரைச் சிரிக்கவைப்பவன், இருவரையும் அடக்கம் செய்யும்வரை அதை மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யாரும் என்னை அடிக்கவில்லை. தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் நல்ல பசி எடுத்தது. அப்பா தொடாமல் வைத்திருந்த நீராகாரத்தையும் நானே எடுத்துக் குடித்தேன்.